நாளுக்கு இரண்டு விநாடி பிசகும் கடிகாரத்தை நம்பிக் கடல் கடந்தது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: கப்பல்களில் இருந்த குரோனோமீட்டர் என்ற கடற்கடிகாரம் நாளொன்றுக்கு ஓரிரு விநாடி முந்தியோ பிந்தியோ ஓடும் என்று ஓர் அருங்காட்சியகக் குறிப்பில் படித்திருக்கிறீர்கள். உங்கள் கையில் இருக்கும் சாதாரண குவார்ட்ஸ் கடிகாரமோ மாதம் முழுவதற்குமே 15 விநாடிதான் பிசகுகிறது. அப்படியிருக்க, அந்தப் பெட்டிக் கடிகாரத்தைத் துல்லியத்தின் உச்சம் என்று ஏன் கொண்டாடுகிறார்கள், பல மாதப் பயணத்தில் அதை நம்பி எப்படிக் கப்பல் ஓட்டினார்கள் என்பது உங்கள் ஐயம். வணிகக் கப்பல்களில் செகண்ட் ஆபீசராகப் பல ஆண்டுகள் அந்தப் பெட்டியைப் பராமரித்தவன் என்ற முறையில் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குரோனோமீட்டர் சரியான நேரம் காட்டுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. தினமும் ஒரே அளவு தவறுவதற்காகச் செய்யப்பட்டது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது ஒரு மணிக்கு 15 பாகை, 4 நிமிடத்துக்கு 1 பாகை, 4 விநாடிக்கு ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு; அந்தப் பங்கை நிலநடுக்கோட்டின் மீது அளந்தால் ஒரு கடல் மைல். ஆகவே கப்பல் நிற்கும் இடத்தின் நேரமும் அதே கணத்தில் கிரீன்விச்சின் (தீர்க்கரேகைகளை எண்ணத் தொடங்கும் லண்டன் பகுதி) நேரமும் தெரிந்தால், அவற்றின் வித்தியாசமே தீர்க்கரேகை. கப்பலில் சரியாக நடுப்பகல் 12 மணியாக இருக்கும்போது கிரீன்விச்சில் மாலை 3.20 என்றால், கப்பல் மேற்கே 50 பாகையில் இருக்கிறது. கப்பலின் நேரத்தை வானம் தந்துவிடும். கிரீன்விச்சின் நேரத்தை நடுக்கடலில் யார் தருவது என்பதுதான் நூற்றாண்டுகளாக நீடித்த சிக்கல். அட்சரேகைக்கு இந்தத் தொல்லை இல்லை; நடுப்பகல் சூரியனின் உயரமோ துருவ நட்சத்திரத்தின் உயரமோ போதும், கடிகாரமே வேண்டாம்.

கப்பலின் நேரத்தை நடுப்பகலில்தான் எடுப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், நடைமுறை அதுவல்ல. உச்சிக்கு வந்த சூரியன் சில நிமிடங்கள் மேலேறாமலும் கீழிறங்காமலும் நிற்பதுபோல் தோன்றும். எந்தக் கணம் உண்மையான உச்சி என்று, வானப்பொருள்களின் உயரக் கோணத்தை அளக்கும் செக்ஸ்டன்டில் பிடிப்பது கடினம். அந்த ஐயம் ஒரு நிமிடம் என்றாலே 15 கடல் மைல் போய்விடும். அதனால் சூரியன் கிழக்கிலோ மேற்கிலோ இருந்து வேகமாக ஏறி இறங்கும் வேளையில் அதன் உயரத்தை அளந்து, அட்சரேகையையும், வானப்பொருள்களின் நிலைகளைத் தரும் கடற்பஞ்சாங்கத்தின் எண்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, கப்பலின் நேரத்தை வருவிப்பார்கள். ஒருவர் மேல்தளத்தில் செக்ஸ்டன்டுடன் நின்று, சூரியனின் கீழ்விளிம்பு அடிவானத்தைத் தொடும் கணத்தில் குரல் கொடுப்பார். மற்றவர் சார்ட் ரூமில் குரோனோமீட்டரின் விநாடியை முதலிலும், பிறகு நிமிடத்தையும், கடைசியில் மணியையும் எழுதிக்கொள்வார். இந்த வரிசை முக்கியம். மணியை முதலில் பார்த்தால் அதற்குள் விநாடி ஓடிவிடும்.

இப்போது அந்த இரண்டு விநாடிக்கு வருவோம். குரோனோமீட்டர் காட்டும் நேரத்துக்கும் உண்மையான கிரீன்விச் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிழை என்போம்; அந்தப் பிழை நாளுக்கு எவ்வளவு கூடுகிறது அல்லது குறைகிறது என்பதை வீதம் என்போம். துறைமுகத்தை விட்டுப் புறப்படும் நாளில் 12 விநாடி பிந்தியிருக்கும் ஒரு கடிகாரம் நாளுக்கு 1.5 விநாடி பிந்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதாம் நாள் அது 42 விநாடி பிந்தியிருக்கும். காட்டும் நேரத்துடன் 42 விநாடியைக் கூட்டினால் வேலை முடிந்தது. நாளுக்கு 20 விநாடி பிந்தினாலும் கணக்கு இதேதான். ஆனால் 1.5 என்று நாம் நம்பியிருந்த வீதம் வழியில் 2 ஆக மாறிவிட்டால், இருபது நாளில் நாம் அறியாத 10 விநாடி சேரும். அது நிலநடுக்கோட்டில் இரண்டரைக் கடல் மைல். எனவே கப்பலைப் பாறையில் ஏற்றக்கூடியது பிழையன்று, வீதத்தின் மாற்றம். இதனால்தான் கடலில் குரோனோமீட்டரின் முள்ளை யாரும் திருத்துவதில்லை. திருத்தினால் அதுவரை எழுதிவைத்த வரலாறு அறுந்துபோகும். கடிகாரத்தின் உண்மையான மதிப்பு அந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

இந்தக் கருத்து புதிதல்ல. கடிகாரத்தால் தீர்க்கரேகை காணலாம் என்று ஜெம்மா ஃபிரிசியஸ் என்ற கணித அறிஞர் 1530ஆம் ஆண்டிலேயே எழுதினார். அவர் சொன்னதைச் செய்யக்கூடிய கடிகாரம்தான் இல்லை. டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் 1650களில் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய பிறகு அதைக் கப்பலிலும் ஏற்றிப் பார்த்தார்கள். ஆடும் தளத்தில் ஊசல் எடுபடவில்லை. நல்ல கடிகாரம் வரும்வரை கப்பல்கள் செய்துவந்தது, போகவேண்டிய இடத்தின் அட்சரேகையை எட்டிப் பிடித்து, அதே கோட்டில் கிழக்கோ மேற்கோ ஓடிக் கரையைத் தேடுவது. 1741இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஆன்சன், தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையைச் சுற்றி வந்து ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவைத் தேடியபோது, தீவு கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்று தெரியாமல் சிலிக் கரைவரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது. ஸ்கர்வி நோயில் ஆட்கள் நாள்தோறும் செத்துக்கொண்டிருந்த கப்பல் அது.

1707இல் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள சில்லித் தீவுகளருகே, தளபதி ஷவல் தலைமையிலான பிரிட்டிஷ் கடற்படையின் நான்கு கப்பல்கள் பாறையில் மோதி மூழ்கியதைத்தான் தீர்க்கரேகைக் கதையின் தொடக்கமாக எல்லோரும் சொல்வார்கள். விபத்து நடந்தது உறுதி. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்ததும் உறுதி. ஆனால் தீர்க்கரேகை தெரியாமைதான் காரணம் என்பது அவ்வளவு உறுதியல்ல. எஞ்சிய கப்பல்களின் குறிப்பேடுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், அட்சரேகையிலும் கணிசமான தவறு இருந்ததைக் கண்டார்கள். கப்பல் தவறான இடத்தில் இருப்பதாக எச்சரித்த மாலுமியை ஷவல் தூக்கிலிட்டார் என்ற கதைக்குச் சமகாலச் சான்று எதுவும் கிடையாது. நல்ல கதை என்பதற்கு மேல் அதற்கு நான் மதிப்புத் தருவதில்லை.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1714இல் இயற்றிய சட்டம் அரைப் பாகைக்குள் தீர்க்கரேகை காணும் முறைக்கு 20,000 பவுண்டு பரிசு அறிவித்தது. அரைப் பாகை என்றால் நேரத்தில் 2 நிமிடம். மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஆறு வாரப் பயணம் என்று கொண்டால், நாளுக்கு ஏறக்குறைய 3 விநாடி. அன்றைய பாக்கெட் கடிகாரங்கள் நாளுக்கு நிமிடக் கணக்கில் தவறின. எஃகு ஹேர்ஸ்பிரிங்கும் (மெல்லிய சுருள்வில்) அது முன்னும் பின்னும் ஆட்டும் சாதாரணப் பித்தளைச் சக்கரமும் கொண்ட கடிகாரம், வெப்பம் 1 செல்சியஸ் கூடினாலே நாளுக்குச் சுமார் 10 விநாடி பிந்திவிடும். லண்டன் குளிரிலிருந்து வெப்ப மண்டலக் கடலுக்குள் போகும் கப்பலில் 3 விநாடி என்பது எப்பேர்ப்பட்ட நிபந்தனை என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஜான் ஹாரிசன் 1693இல் யார்க்‌ஷயரில் பிறந்த தச்சர். அவருடைய முதல் கடற்கடிகாரம் 34 கிலோ எடையுள்ள பித்தளை யந்திரம். 1736இல் அது லிஸ்பனுக்குப் போனது செஞ்சூரியன் என்ற கப்பலில்; சில ஆண்டுகள் கழித்து ஆன்சன் கடிகாரமின்றி அலைந்ததும் இதே செஞ்சூரியனில்தான். திரும்பி வரும்போது தெரிந்த நிலத்தை அதிகாரிகள் ஸ்டார்ட் முனை என்று நினைக்க, ஹாரிசன் அது லிசார்ட் என்றார்; இரண்டும் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள முனைகள். அவர் சொன்னதே சரியாயிற்று. மூன்றாவது கடிகாரத்தில் ஏறத்தாழ 19 ஆண்டு உழைத்தார். வெப்பத்துக்கு வளையும் இருஉலோகப் பட்டையும், கூண்டுக்குள் உருளும் பேரிங்கும் அதிலிருந்துதான் உலகுக்கு வந்தன. ஆனாலும் 1759இல் முடித்த நான்காவது, 13 சென்டிமீட்டர் விட்டமுள்ள பெரிய பாக்கெட் கடிகாரம்போல் இருந்தது. பெரிய, மெதுவாக ஆடும் யந்திரத்தைக் கைவிட்டு, சிறிய, வேகமாக ஆடும் சக்கரத்துக்கு அவர் மாறியதுதான் வெற்றியின் இரகசியம் என்பது என் கருத்து. கப்பலின் ஆட்டம் மெதுவானது. வேகமாகத் துடிக்கும் சக்கரத்தை அது அதிகம் பாதிப்பதில்லை.

1761 நவம்பரில் ஹாரிசனின் மகன் வில்லியம் அந்த நான்காவது கடிகாரத்தை ஜமைக்காவுக்கு எடுத்துச் சென்றார். 81 நாளில் 5.1 விநாடிதான் பிசகியது என்று எல்லா நூல்களிலும் இருக்கும். உங்கள் கேள்விக்கு நேரடியான விடை இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. அந்த 5.1 விநாடி, கடிகாரம் நாளுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் விநாடி பிந்தும் என்ற வீதத்தைக் கழித்த பிறகு மிஞ்சியது. கழிக்காவிட்டால் பிழை மூன்றரை நிமிடத்துக்கு மேல். பரிசின் எல்லையைத் தாண்டிவிடும். வீதத்தை முன்கூட்டியே எழுதித் தரவில்லை என்பதைக் காட்டித்தான் பரிசை முடிவுசெய்யும் தீர்க்கரேகை வாரியம் அதைத் தர மறுத்தது. வாரியத்தை வில்லனாக்குவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த ஆட்சேபணை நியாயமானது என்றே ஒரு கப்பல் அதிகாரியாக எனக்குத் தோன்றுகிறது. பயணம் முடிந்தபின் சொல்லப்படும் வீதத்தை வைத்து யாரும் கப்பல் ஓட்ட முடியாது. 1764இல் பார்படோஸுக்கு நடந்த இரண்டாம் சோதனையில் வீதம் முன்பே அறிவிக்கப்பட்டது. 47 நாளில் பிழை ஏறத்தாழ 40 விநாடி, அதாவது 10 கடல் மைல். சட்டம் கேட்டது 30. எண் முந்தையதைவிட மோசம். சான்று என்ற வகையில் இதுவே வலுவானது. 1765இல் அவருக்கு 10,000 பவுண்டு கிடைத்தது; மன்னர் மூன்றாம் ஜார்ஜ் தலையிட்ட பிறகு 1773இல் நாடாளுமன்றம் மேலும் 8,750 தந்தது. சட்டப்படியான முழுப் பரிசு என்ற பெயரில் அது யாருக்கும் வழங்கப்படவே இல்லை.

ஹாரிசனின் நான்காவது கடிகாரத்துக்கு லார்கம் கெண்டல் என்ற கடிகாரக் கைவினைஞர் செய்த பிரதியைக் கடற்பயணி ஜேம்ஸ் குக் தம் இரண்டாம் பயணத்தில், 1772 முதல் 1775 வரை, தென்துருவப் பனிவரை கொண்டுபோய் மனமாரப் புகழ்ந்தார். ஆனால் அந்த ஒரு பிரதிக்கே 450 பவுண்டு. அந்த விலையில் கப்பல்தோறும் வைக்க முடியாது. பின்னாளில் எல்லாக் கப்பல்களிலும் இருந்த குரோனோமீட்டரின் உள்ளமைப்பு ஹாரிசனுடையதல்ல. அதன் மூலக் கருத்துகள் 1766இல் பிரான்சில் பியேர் லெ ருவா செய்த கடிகாரத்தில் இருந்தன. அவற்றை மலிவாக, திரும்பத் திரும்பச் செய்யக்கூடியதாக ஆக்கியவர்கள் லண்டனின் ஜான் அர்னால்டும் தாமஸ் எர்ன்ஷாவும். அவர்களுடைய அமைப்பில் பேலன்ஸ் என்ற ஆடும் சக்கரம் பெரும்பகுதி நேரம் எதையும் தொடாமல் தன்போக்கில் ஆடும். ஒரு முழு ஆட்டத்துக்கு ஒருமுறை மட்டும் ஒரு சிறு தள்ளு கிடைக்கும். உரசும் இடம் குறைவாதலால் அங்கே எண்ணெய் வேண்டியதில்லை. எண்ணெய் கெட்டிப்படுவதால் வீதம் மாறும் தொல்லையும் இல்லை. சக்கரத்தின் விளிம்பு உள்ளே எஃகும் வெளியே பித்தளையுமாக ஒட்டி, இரண்டு இடங்களில் வெட்டப்பட்டிருக்கும். வெப்பத்தில் பித்தளை அதிகம் விரிவதால் விளிம்பு உள்நோக்கி வளைந்து, அதிலுள்ள எடைகள் மையத்தை நெருங்கும். ஸ்பிரிங் தளர்ந்ததால் வரும் தாமதத்தை இது ஈடுகட்டும். முழுமையாக அல்ல: இரண்டு வெப்பநிலைகளில் மட்டுமே கச்சிதமாகப் பொருந்தும், நடுவில் சற்று முந்தும். இந்த எச்சத்தை ஒழிக்க இயற்பியலாளர் கியோமின் நிக்கல் எஃகுக் கலவைகள் வரவேண்டியிருந்தது. அவற்றுக்காக அவருக்கு 1920இல் நோபல் பரிசு கிடைத்தது.

கப்பலில் அதை எப்படிக் கையாண்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். மரப்பெட்டிக்குள் பித்தளைக் கிண்ணம் கிம்பல் வளையங்களில் தொங்கும். பெட்டி எப்படிச் சாய்ந்தாலும் முகப்பு வானத்தைப் பார்த்தபடியே இருக்கும். தினமும் காலை 8 மணிக்குச் சாவி கொடுப்பது செகண்ட் ஆபீசரின் கடமை. இடக்கையால் கிண்ணத்தை மெல்லக் கவிழ்த்துப் பிடித்து, அடியிலுள்ள தூசு மூடியை விரலால் நகர்த்தி, சாவியைச் செருகி, இடப்புறமாக ஏழரை அரைச்சுற்று எண்ணிச் சுற்றவேண்டும். கடைசிச் சுற்று மிக மெதுவாக, தடை தட்டும்வரை. பிறகு கிண்ணத்தைக் கையிலிருந்து நழுவவிடாமல் பழைய நிலைக்குக் கொண்டுவரவேண்டும். ஒருமுறை சாவி கொடுத்தால் இரண்டு நாளுக்கு மேல் ஓடும். ஆனாலும் நாள்தோறும் கொடுப்போம், ஸ்பிரிங்கின் ஒரே பகுதியே எப்போதும் வேலை செய்யட்டும் என்பதற்காக. நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு காலை மறந்துவிட்டு மதியம் நினைவு வந்து ஓடியிருக்கிறேன். கடிகாரம் நிற்கவில்லை, ஆனால் நேரம் தவறிச் சாவி கொடுத்ததைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார் என் மூத்த அதிகாரி. திட்டவில்லை, அந்தக் குறிப்பு அங்கே என்றைக்கும் இருக்கும் என்பதே போதுமானதாக இருந்தது.

முழுதும் நின்றுபோன குரோனோமீட்டர் சாவி கொடுத்ததும் தானாக ஓடத் தொடங்காது என்பது பலருக்குத் தெரியாது. முட்கள் எந்த நேரத்தில் நிற்கின்றனவோ அந்த நேரம் உண்மையிலேயே வரும்வரை காத்திருந்து, சரியான விநாடியில் கிண்ணத்தைக் கிடைமட்டமாக ஒரு வெட்டு வெட்டித் திருப்பினால் சக்கரம் உயிர்பெறும். இதே குணம் ஆபத்தும்கூட: ஓடும் கடிகாரத்தைத் திடீரென்று திருப்பினால் எஸ்கேப்மென்ட் (சக்கரங்களைப் படிப்படியாக விடுவிக்கும் அமைப்பு) தாண்டிக் குதிக்கக்கூடும். ஆகையால் பெட்டியை இடம்விட்டு நகர்த்தமாட்டோம். கையில் எடுத்துச்செல்லத் தனிக் கடிகாரம் ஒன்றை அதனுடன் ஒப்பிட்டு வைத்துக்கொள்வோம்.

இந்த முறையின் பெரிய குறை, குரோனோமீட்டர் தன் வீதம் மாறியதைத் தானே சொல்லாது என்பது. இரண்டு வைத்திருந்து அவை முரண்பட்டால் எது பொய் என்று தெரியாது; அதனால்தான் ஒன்று எடு, அல்லது மூன்று எடு என்பார்கள். 1831இல் புறப்பட்ட பீகிள் கப்பலில் உலகைச் சுற்றித் தீர்க்கரேகைகளைச் சங்கிலியாகக் கோப்பதற்காக 22 குரோனோமீட்டர்கள் இருந்தன. 1836இல் திரும்பிவந்து வட்டத்தை மூடியபோது, இடத்துக்கு இடம் அளந்த நேர வித்தியாசங்களின் கூட்டுத்தொகை 24 மணி நேரத்தைவிடச் சுமார் 33 விநாடி அதிகமாக வந்தது. ஏன் என்று தளபதி ஃபிட்ஸ்ராயால் திட்டவட்டமாக விளக்க முடியவில்லை. 22 கடிகாரமும் ஒரே திசையில் சாய்ந்தால் சராசரி எடுத்துப் பயனில்லை.

வெளியிலிருந்து ஒரு சான்று வேண்டும். சந்திரனுக்கும் ஒரு நட்சத்திரத்துக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்து கிரீன்விச் நேரம் காணும் முறை அந்தப் பணியைச் செய்தது. அதற்கான கடற்பஞ்சாங்கத்தை 1767ஆம் ஆண்டுக்கென முதலில் வெளியிட்டவர் அரச வானியலாளர் மாஸ்கலின். கோணத்தில் ஒரு கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) தவறினால் தீர்க்கரேகையில் அரைப் பாகை தவறும் கரடுமுரடான முறைதான். ஆனால் வீதம் பெரிதாகக் கெட்டுவிட்டதைக் காட்டிக்கொடுக்கும். மாஸ்கலினை ஹாரிசனின் எதிரியாக மட்டும் பார்ப்பவர்கள், இரண்டு முறைகளும் பல பத்தாண்டுகள் ஒரே மேசையில் ஒன்றையொன்று தாங்கி நின்றதை மறந்துவிடுகிறார்கள். துறைமுகங்களில் நேரப்பந்து வந்தது. கிரீன்விச்சில் 1833 முதல் பிற்பகல் 1 மணிக்குக் கம்பத்திலிருந்து பந்து விழத் தொடங்கும் கணத்தைப் பார்த்துக் கப்பலிலிருந்தே பிழையைக் குறித்துக்கொண்டார்கள். 1910இல் ஐஃபெல் கோபுரத்திலிருந்து வானொலி நேரக்குறி ஒலிக்கத் தொடங்கியதும் நடுக்கடலிலேயே தினமும் சரிபார்க்க முடிந்தது. குரோனோமீட்டரின் தனியாட்சி முடிந்தது அன்றுதான், ஜிபிஎஸ் வந்தபோது அல்ல. என் காலத்தில் நாங்கள் செய்ததும் இதுவே: வானொலியின் கடைசிக் குறி ஒலிக்கும்போது அரை விநாடிக்கு ஒன்றாகத் துடிக்கும் முள்ளைப் பார்த்து, பிழையை எழுதி, நேற்றைய எண்ணைக் கழித்து வீதம் காண்பது.

நீங்கள் சொன்னதுபோல் உங்கள் குவார்ட்ஸ் கடிகாரம் பெரும்பாலான பழைய குரோனோமீட்டர்களைவிடத் துல்லியமானதுதான். மாதத்துக்கு 15 விநாடி என்றால் நாளுக்கு அரை விநாடி. ஆனால் அதை அடிக்கடி அலைபேசியைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தால் அது குரோனோமீட்டர் ஆகாது. ஒரு மாதம் திருத்தாமல் விட்டு, தினமும் ஒரே வேளையில் பிழையை எழுதிப் பாருங்கள். எண்கள் சீராக ஏறினால் அதை வைத்துத் தீர்க்கரேகை காணலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் அணுக்கடிகாரங்களையும் ஏறத்தாழ இப்படித்தான் நடத்துகிறார்கள். ஒளி ஒரு நானோவிநாடியில் 30 சென்டிமீட்டர் போய்விடும் என்பதால் அங்கே அளவுகள் வேறு. ஆனால் தரைநிலையங்கள் சிறு பிசகுக்கெல்லாம் அந்தக் கடிகாரங்களைத் திருத்துவதில்லை. ஒவ்வொன்றும் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது, எந்த வேகத்தில் விலகிக்கொண்டிருக்கிறது என்ற எண்களைக் கணித்து மேலே அனுப்புகிறார்கள். செயற்கைக்கோள் அவற்றைத் தன் சமிக்ஞையோடு ஒலிபரப்புகிறது. உங்கள் அலைபேசி அவற்றைக் கழித்துக்கொள்கிறது.